பொம்மைப் படம் படிக்கிற பிள்ளை

"என் மக பொம்மப் படம் படிக்கிறா அண்ணே. வெளியில சொன்னா சிரிக்கிறாங்க. டாக்டருக்குப் படிக்கிறா, டீச்சருக்குப் படிக்கிறான்னா கேக்கிறவங்க தலைய ஆட்டுவாங்க. பொம்மப் படத்துக்கு என்னான்னு சொல்றது?"

பேராக்கின் தென்பகுதியில் ஒரு செம்பனைத் தோட்டம். கோயில் திருவிழாக் கூட்டத்திற்காக நாம் அங்கே போயிருந்தபோது, ஒரு தகப்பனார் நம்மைத் தனியே அழைத்துப் போய்க் கேட்ட கேள்வி இது. எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவர். அடுத்த மாதம் மகளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "நீங்க பத்திரிகைக்காரரு. ஒரு தடவ வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். கேட்டபோது நமக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. பொம்மைப் படம் என்றால் பிள்ளைகள் சாயங்காலத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து பார்ப்பது. அதைப் போய் மூன்று வருஷம் படிப்பதா? இந்த நினைப்போடுதான் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினோம்.

முன்னறையில் ஒரு மேசை. அதன்மேல் பழைய கணினி. 2,800 வெள்ளிக்கு இரண்டாங் கையாக வாங்கியது. சீட்டுப் பணத்தில் பாதி, கடனில் பாதி. புதிதாக வாங்கினால் 5,000 வெள்ளிக்கு மேல் ஆகுமாம். 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டதே, அந்தக் கணக்கில் மூன்று மாதச் சம்பளம்! மேசைக்கு எதிரே ஒரு காற்றாடி, மனிதர்களைப் பார்த்துச் சுற்றாமல் கணினியைப் பார்த்தே சுற்றிக்கொண்டிருந்தது. "அது சூடாயிடும் ஐயா, அதான்" என்றது பிள்ளை.

இறுதியாண்டு வேலையாக மூன்று நிமிடப் படம் ஒன்றை அது செய்துகொண்டிருந்தது. மூன்றே நிமிடம். அதற்கு எட்டு மாதம்! தகப்பனாரின் எரிச்சலுக்கு இதுவும் ஒரு காரணம். "மூணு நிமிசப் படத்துக்கு எட்டு மாசம்னா, அப்ப இது எப்பத்தான் சம்பாதிக்கும்?"

நியாயமான கேள்விதான். பிள்ளை கோபப்படாமல் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டியது. பள்ளிக்கூட நாட்களில் பயிற்சிப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன மாற்றத்தோடு ஓர் ஆளை வரைந்து, பக்கங்களைப் படபடவென்று தள்ளினால் ஆள் ஓடுவானே, அதேதான் இது. சினிமா ஓடுவது ஒரு நொடிக்கு 24 படம். மூன்று நிமிடம் என்பது 180 நொடி. ஆகவே 4,320 படம். கையால் வரைகிறவர்கள் ஒரே படத்தை இரண்டு முறை காட்டி, நொடிக்கு 12 வரைந்து சமாளிப்பார்கள். அப்படியும் 2,160 ஓவியம் வேண்டும். இந்தப் பிள்ளை செய்வது கணினிக்குள் களிமண் பொம்மை போல உருவம் பிடிக்கிற வகை. உருவம் செய்ய வேண்டும், அதற்குள் எலும்பு வைக்க வேண்டும், எலும்பை அசைத்து நடக்க வைக்க வேண்டும், வெளிச்சம் போட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு ஒவ்வொரு படத்தையும் கணினி உட்கார்ந்து தீட்டித் தர வேண்டும். இதை 'ரெண்டர்' என்கிறார்கள். அந்தப் பழைய கணினிக்கு ஒரு படம் தீட்ட நான்கு நிமிடம். 4,320 படத்துக்கு 288 மணி நேரம். இரவு பகல் நிற்காமல் ஓடினால் 12 நாள்!

காகிதத்தைத் தகப்பனாரும் எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மின்சாரக் கட்டணம் ஏன் ஏறியது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுக் கதை

இந்தத் துறை நம் நாட்டில் நேற்று முளைத்ததல்ல. மலேசியாவின் முதல் கேலிச்சித்திரக் குறும்படம் என்று சொல்லப்படுவது 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்'. அரசாங்கத்தின் பிலெம் நெகாரா செய்த படம். 1978-ல் வேலை முடிந்து, 1983-ல் தொலைக்காட்சியில் வந்தது. அதைச் செய்தவர் பெயர் ஆனந்தம் சேவியர். பெயரை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள் தோழர்களே! கணினி இல்லாத நாள். வரைய வேண்டியதெல்லாம் கையால் வரைந்து, ஒவ்வொன்றாகக் கேமராவின் கீழே வைத்துப் பிடிக்க வேண்டும். சருகுமானின் தந்திரத்தைத் திரையில் ஓட வைத்த அந்த மனிதரை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்கே அந்தப் பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு 1995-ல் 'உசோப் சொந்தோரியான்' தொடராக வந்தது. 1998-ல் 'சீலாட் லெஜெண்டா' முழுநீளப் படமாக வந்தது. 2007-ல் வந்ததுதான் நம் வீட்டுக் குழந்தைகள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே பார்க்கும் 'உப்பின் இப்பின்'. அந்தத் தொடரின் ஆரம்பத்தில் முன்னின்றவர்கள் சைபர்ஜெயா மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறிய மூன்று இளைஞர்கள். அவர்களில் ஒருவரான நிஜாம் ரசாக் பிறகு தனியே போய் 2009-ல் நண்பர்களோடு ஒரு நிறுவனம் தொடங்க, 2011-ல் 'போபோய்போய்' வந்தது. இன்னொருவரான உசாமா சைட்டின் நிறுவனத்திலிருந்து 2016-ல் 'எஜென் அலி' வந்தது. வகுப்பறையில் பொம்மை அசைக்கக் கற்றவர்கள்தாம் இவர்கள். இவர்கள் வீட்டிலும் யாராவது ஒரு தகப்பனார் நம்மவரைப் போலத் தலையைச் சொறிந்திருப்பார்.

உப்பின் இப்பினின் கம்பத்தில் முத்து என்று ஒரு கடைக்காரர் இருக்கிறார், ராஜூ என்று ஒரு பையன் இருக்கிறான். போபோய்போயின் கூட்டாளிகளில் கோபால் உண்டு. நல்லது. ஆனால் அவர்கள் எல்லாரும் இன்னொருவர் கதையில் வந்து போகிறவர்கள். கித்தா மரத்தடியில் விடியுமுன்னே நின்ற ஒரு பெண்பிள்ளையின் கதையை யார் செய்வார்? அதைச் செய்ய வேண்டும் என்றால் நம் வீட்டிலிருந்து ஒருத்தி அந்தக் கணினி முன்னால் உட்கார வேண்டும். இந்தப் பிள்ளையின் படம் அதுதான். அதன் அம்மாவின் கதை.

கோடு தலைகீழாக ஓடியது

அம்மா பத்தொன்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். கித்தாவை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிரிப்பழம் பொறுக்கினார். இப்போது இடுப்பு வலி, வீட்டோடு இருக்கிறார். மகள் செய்வது என்னவென்று அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை, காட்டியதும் இல்லை. நாம் போயிருந்த அன்றுதான், முடிந்த பகுதியை ஓட விடும்படி நாம் கேட்டோம். அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றார்.

திரையில் இருட்டு. தலையில் விளக்கைக் கட்டிய ஒரு பெண் மரத்துக்கு மரம் போகிறாள். கத்தியை வைக்கிறாள், இழுக்கிறாள், பால் வடிகிறது. நமக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு அழகு. அடுத்த காட்சியில் அவள் திரும்பி மறுபக்கமாக நடந்து வேறொரு மரத்தை வெட்டுகிறாள்.

"நிப்பாட்டு" என்றார் அம்மா.

பிள்ளை நிறுத்தியது.

"கோடு தலைகீழா ஓடுது. இப்படி எந்த மரத்துல பால் வெட்டுவாங்க? அது மட்டுமில்ல, இவ நொட்டாங்கையில வெட்டுறா. நான் என்ன நொட்டாங்கைக்காரியா?"

நாம் பார்த்தோம். நமக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது; முகம் சுருங்கிவிட்டது. அந்தக் காட்சியில் பெண் வலமிருந்து இடமாக நடக்க வேண்டியிருந்ததாம். புதிதாகச் செய்ய நேரமில்லாமல், முன்பே செய்த காட்சியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே புரட்டிப் போட்டிருக்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், இடம் வலமாகிவிடும். விரிவுரையாளர் இரண்டு முறை பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. கூடப் படிக்கிறவர்களும் கண்டுபிடிக்கவில்லை.

பால்மரம் வெட்டியவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. இளம் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். மரத்துக்கு எதிரே நின்று பார்த்தால் வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்து வரும். காரணம் இருக்கிறது. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை. வலப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து மேலே ஏறுகின்றன. இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் வெட்டுப்படும், பால் அதிகம் வரும். மாற்றி வெட்டினால் பால் குறையும். பட்டைக்கு அடியில் உள்ள இளம் சவ்வைக் கத்தி தொட்டுவிட்டால் மரத்தில் காயம். அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, முண்டு முண்டாகிவிடும். அம்மா இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கவில்லை. கிராணியிடமும் மண்டோரிடமும் வாங்கிய ஏச்சில் படித்தது.

இனி என்ன செய்வது? புரட்டிப் போட்ட காட்சி 14 நொடி. 336 படம். மறுபடி தீட்ட 22 மணி நேரத்துக்கு மேல். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணை மறுபடி நடக்க வைத்து, கேமராவை வேறு இடத்தில் வைத்து, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒப்படைக்க எட்டு நாள்தான் இருந்தது.

"விடும்மா, யாருக்குத் தெரியப் போவுது" என்றார் தகப்பனார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"வெட்டுனவங்களுக்குத் தெரியும்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை நடந்ததைப் பிள்ளை நமக்குத் தொலைபேசியில் சொன்னது. கோயிலுக்குப் பின்னால் அழிக்காமல் விட்ட கித்தா மரம் ஒன்று நிற்கிறது. பால் வெட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்ட மரம். அம்மா பரண்மேலிருந்த பழைய கத்தியை எடுத்துத் தீட்டிக்கொண்டு முன்னே போனார். தகப்பனார் தம் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மகள் டார்ச் விளக்கைப் பிடிக்க, அம்மா வெட்டிக் காட்டினார். ஒரு முறை அல்ல, பதினோரு முறை. கத்தியை இழுப்பதற்கு முன்னால் மணிக்கட்டு கொஞ்சம் பின்னுக்குப் போகிறது. உடம்பு மரத்தோடு ஒட்டிக்கொண்டே பின்னால் சுற்றி வருகிறது. கால் இடம் மாறும்போது கத்தி நிற்பதில்லை. "நான் எட்டு மாசமா கையத்தான் அசைச்சேன் ஐயா. அம்மா காலால வெட்டுறாங்க" என்றது பிள்ளை.

ஓர் அசைவுக்கு முன்னால் வரும் இந்தச் சின்னப் பின்வாங்கலுக்கு அவர்கள் பாடத்தில் தனிப் பெயரே இருக்கிறதாம். வால்ட் டிஸ்னியிடம் பல காலம் வேலை செய்த பிராங்க் தாமஸ், ஒல்லி ஜான்ஸ்டன் என்ற இருவர் 1981-ல் எழுதிய தடித்த புத்தகத்தில் 12 விதிகள் போட்டு, அதில் இதையும் ஒரு விதியாக வைத்திருக்கிறார்கள். உண்மையான மனிதரைப் படம் பிடித்து அதன்மேல் வரைவதும் புதிதல்ல. அமெரிக்காவில் மேக்ஸ் பிளைஷர் என்பவர் அதற்கான கருவிக்கு 1917-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பிளைஷருக்கு மாதிரியாக அவர் தம்பி கோமாளி உடையில் ஆடினார். இந்தப் பிள்ளைக்கு அம்மா கைலியோடு வெட்டினார்.

அறுபத்து நான்கு மணி நேரம்

கஷ்டம் அதோடு முடியவில்லை. அந்த எட்டு நாளில் இன்னொரு இடி விழுந்தது. 40 நொடிக் காட்சி ஒன்று, 960 படம், 64 மணி நேர வேலை. மூன்றாம் நாள் மாலை மழைக்கு மின்சாரம் போயிற்று. கணினி அணைந்தது. திரும்பி வந்து பார்த்தால், தீட்டிய அத்தனையும் போய்விட்டது!

எப்படிப் போகும் என்று கேட்டோம். எல்லாப் படத்தையும் ஒரே வீடியோவாகச் சேர்த்துச் சேமிக்கும்படி விட்டிருக்கிறது. அப்படி விட்டால், கடைசிப் படம் முடிந்து கோப்பு மூடப்படும் வரை அது பாதியில் நிற்கும் வீடு மாதிரி. நடுவில் நின்றால் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. ஒவ்வொரு படத்தையும் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கச் சொல்லியிருந்தால், 900-வது படத்தில் மின்சாரம் போனாலும் 901-லிருந்து தொடரலாம். பிறகு எல்லாவற்றையும் கோத்து வீடியோ ஆக்குவது சில நிமிட வேலைதான். இந்தத் துறையில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வெட்டி எடுத்துக் கணினி மேசையில் ஒட்டி வையுங்கள். ஒரு குடும்பத்தின் மூன்று நாள் தூக்கம் போய்க் கற்ற பாடம் இது.

கல்லூரியின் கணினி அறைக்குப் போய்ச் செய்யக் கூடாதா என்றோம். அங்கே நல்ல கணினிகள் உண்டு. ஆனால் இரவு பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்களாம். இரவில் ஓட வேண்டிய வேலைக்கு இரவில் பூட்டுகிற அறை! பெற்றோர் சேர்க்கைக்குப் போகும்போது கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். கணினி அறை எத்தனை மணி வரை திறந்திருக்கும், பழைய மாணவர் செய்த படங்களைக் காட்டுவீர்களா, படிப்புக்கு எம்.க்யூ.ஏ. அங்கீகாரம் உண்டா என்றும் கேட்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்காது. தனியார் கல்லூரிதான் வழி என்பதும் இல்லை. அரசாங்கத்துப் பாலிடெக்னிக், தொழிற்கல்லூரிகள் சிலவற்றிலும் இந்தப் பாடம் இருக்கிறது, கட்டணம் மிகக் குறைவு. நம்மவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே குறைவு என்பதுதான் வருத்தம்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாமா என்ற சந்தேகமும் வரும். இந்தப் பிள்ளை பயன்படுத்துவது 'பிளெண்டர்'. இலவசம். 2002 முதல் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்து மாற்றலாம் என்று திறந்துவிடப்பட்ட மென்பொருள். இலவசம்தானே, மட்டமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். லாட்வியா என்ற சிறிய நாட்டுக்காரர் கிண்ட்ஸ் சில்பலோடிஸ் அதைக் கொண்டு 'புளோ' என்ற படம் செய்தார். வெள்ளத்தில் மிதக்கும் படகில் ஒரு பூனை. படம் முழுக்க ஒரு வார்த்தைப் பேச்சு இல்லை. 2025-ல் ஆஸ்கார் விருதை அள்ளிக்கொண்டு போயிற்று. அதற்கு முந்தைய படத்தை அவர் ஒற்றை ஆளாகச் செய்தவர்.

சோறு போடுவது எது?

ஆஸ்கார் பேச்சு நன்றாகத்தான் இருக்கும், அரிசி எங்கிருந்து வரும் என்று தகப்பனார் கேட்டார். இங்கேதான் இந்தப் படிப்பின் இன்னொரு பாதி வருகிறது. எழுத்தையும் கோட்டையும் படத்தையும் அசைய விடுகிற வேலை. 'மோஷன் கிராபிக்ஸ்' என்பார்கள். டிவியில் செய்தி தொடங்கும்போது சுழன்று வரும் பெயர், தேர்தல் இரவில் ஏறி இறங்கும் எண்கள், மருந்துக் கடை விளம்பரம், தடுப்பூசி பற்றி விளக்கும் ஒரு நிமிடப் படம், எல்லாம் இதுவே. 1955-ல் ஒரு ஹாலிவுட் படத்தின் தொடக்கத்தில் சோல் பாஸ் என்பவர் வெறும் காகிதம் வெட்டினாற்போன்ற ஒரு கையை அசைய விட்டுப் பெயர்களைக் காட்டினார். பார்த்தவர்கள் அசந்து போனார்கள். பொம்மைப் படத்தில் வேலை கிடைக்காத பிள்ளைக்கும் இதில் வேலை உண்டு. இந்தப் பிள்ளையே கல்யாண அழைப்பிதழும் கோயில் திருவிழா அழைப்பிதழும் அசையும் படமாகச் செய்து, ஒன்றுக்கு 150 வெள்ளி வாங்குகிறது. தகப்பனாருக்கு இது அன்றுவரை தெரியாது. "பஸ் காசு எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?" என்று அம்மா கேட்டார்.

இதில் நம் தமிழுக்கு ஒரு தொல்லை. ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகப் பறந்து வரச் செய்வது எளிது. தமிழில் 'கோ' என்ற எழுத்தை அப்படிப் பறக்கவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், க நடுவில் தனியே நிற்கும். பல மென்பொருட்களுக்கு நம் எழுத்தைச் சேர்த்து வைக்கத் தெரிவதில்லை. கோயில் அழைப்பிதழில் அம்மன் பெயரே உடைந்து வந்து ஏச்சு வாங்கிய கதையும் உண்டு. அதனால் பிள்ளை எழுத்தை முதலில் படமாக மாற்றி, பிறகுதான் அசைக்கிறது. தமிழ் தெரியாதவர் இந்த வேலையைச் செய்தால் உடைந்திருப்பதே அவருக்குத் தெரியாது. தமிழ்ப்பள்ளியில் படித்தது வீண் என்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இப்போது இயந்திரமே படம் வரைந்து தருகிறதாமே, இனி மனிதர் எதற்கு என்று ஆலையில் ஒருவர் சொன்னதாகத் தகப்பனார் சொன்னார். பயம் நியாயமானதே. வேலை குறையும் இடங்களும் இருக்கும், நாம் மறைக்கவில்லை. பிள்ளை அப்படி ஒன்றைச் செய்ய வைத்துக் காட்டியது. பால்மரத்தடியில் ஒரு பெண். படம் பளபளவென்று இருந்தது. மங்கு கோட்டுக்கு மேலே தொங்கியது!

ஒப்படைக்கும் நாளன்று காலையில்தான் கடைசிப் படம் தீட்டி முடிந்தது. திருத்திய 14 நொடியும் அதில் இருந்தது. மதிப்பெண் என்ன என்று நாம் கேட்டோம்; பி பிளஸ். கதை மெதுவாகப் போகிறது என்று குறித்திருந்தார்களாம். நமக்கு அதில் உடன்பாடில்லை. பால் சொட்டுச் சொட்டாகத்தான் வடியும்.

தகப்பனார் தொழிற்சாலைப் பேச்சை இன்னும் முழுதாக விடவில்லை. ஆறு மாதம் பார்க்கலாம் என்கிறார். ஈப்போவில் ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தில் பிள்ளை பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறது. மாதம் 900 வெள்ளி. போதாதுதான்.

சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டார்கள். நாமும் போயிருந்தோம். பழைய வெட்டுமரக்காரர்கள் இருபது முப்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கோடு சரியாக ஓடியது. யாரும் வாய் திறக்கவில்லை. படம் முடிந்து விளக்குப் போட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, "மங்குல பால் விழுறப்ப டிங்கு டிங்குன்னு சத்தம் கேக்குதே, அது என்னா, குழாய்த் தண்ணியா?" என்றார்.

இணையத்திலிருந்து எடுத்துப் போட்ட தண்ணீர்ச் சொட்டுச் சத்தம்தானாம் அது. பால் கெட்டி, அப்படிச் சத்தம் வராது. நாம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, பிள்ளை அந்தப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அப்படியானால் எப்படித்தான் கேட்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தது. பாட்டி உதட்டைக் குவித்து ஏதோ செய்து காட்டினார். அம்மா, அதுவும் சரியில்லை என்றார்.